சரிவில் ஓடும் புல்வெட்டி: மலை வாசகர்களின் கேள்விகளுக்கு விடைகள்

கோடை மழைக்குப் பிறகு நீலகிரியில் புல் மளமளவென்று வளரத் தொடங்கிவிட்டதாலோ என்னவோ, தானாக ஓடிப் புல்வெட்டும் ரோபோவை வீட்டிலேயே செய்வது குறித்து இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குன்னூரில் எங்கள் வீட்டை ஒட்டி ஐந்து சென்ட் பரப்பில் கிகுயூ புல்தரை இருக்கிறது. நடுவில் ஒரு ரோஜாப் பாத்தி. கீழ்ப்பக்கம் ஆள் உயரத் தடுப்புச் சுவர், அதற்குக் கீழே தேயிலை. பிரஷ் கட்டர் கொண்டு வெட்ட ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், ரோபோ ஒன்றை நானே செய்துவிடலாம் என்று மோட்டார்களும் பேட்டரியும் வாங்கி வைத்துவிட்டேன். தன் எல்லை எது என்பதை அது எப்படி அறியும்? எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், குன்னூர்)

பதில்: வாங்கிய மோட்டாரையும் பேட்டரியையும் இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். சமவெளியில் எல்லை தவறும் புல்வெட்டி பக்கத்து வீட்டுச் செடியை வெட்டும். உங்கள் வீட்டிலோ அது தடுப்புச் சுவரின் மேலிருந்து தேயிலைக்குள் விழும். கீழே கொழுந்து பறிப்பவர்கள் நின்றுகொண்டிருக்கவும் கூடும். ஆகவே மலையில் இந்த வேலையை எல்லைக் கம்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வண்டி பிறகு வரட்டும்.

எல்லைக் கம்பி ஒன்றும் புதிய உத்தி அன்று. 1969-இல் அமெரிக்காவில் வெளிவந்த மோபாட் என்னும் தானியங்கிப் புல்வெட்டியே கம்பியில் ஓடும் சமிக்ஞையைக் கொண்டுதான் தன் எல்லையை அறிந்தது. சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995-இல் சூரிய ஒளியில் இயங்கும் புல்வெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இத்தகைய இயந்திரங்கள் ஐரோப்பிய வீடுகளில் பரவின. அவற்றில் பல இன்றும் கம்பியைத்தான் நம்பியிருக்கின்றன.

அது வேலை செய்யும் விதம் இதுதான். புல்தரையின் விளிம்பைச் சுற்றி ஒரே கம்பியை வளையமாகப் பதித்து, அதன் இரு முனைகளையும் ஒரு சமிக்ஞைப் பெட்டியில் இணைத்து, குறைந்த மின்னழுத்தத்தில் விட்டு விட்டு மின்னோட்டம் செலுத்தும்போது, கம்பியைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. வண்டியின் முன்பக்கத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்ட ஒரு சுருளில் அந்தப் புலம் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. வளையத்துக்கு உள்ளே புலம் கீழ்நோக்கி இருந்தால் வெளியே அது மேல்நோக்கி இருக்கும். எனவே சுருள் கம்பியைத் தாண்டும்போது சமிக்ஞை தலைகீழாகிவிடும். கம்பிக்கு நேர் மேலே செங்குத்துப் புலம் சுழியமாகும். சுருள் கம்பியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருந்தால், கம்பிக்கு 10 செ.மீ. இப்பாலும் 10 செ.மீ. அப்பாலும் சமிக்ஞை உச்சத்தைத் தொடும். மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டி ஒன்றை இரவல் வாங்க முடிந்தால், சுருளைக் கையில் பிடித்துக் கம்பியின் மேலாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். திரையில் துடிப்பு வளர்ந்துகொண்டே வந்து, சட்டென்று சுருங்கி மறைந்து, மறுபுறம் தலைகீழாக எழும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு மேற்கொண்டு வேலையைத் தொடருங்கள்.

வீட்டில் செய்பவர்கள் பலரும் தடுமாறுவது சமிக்ஞையின் வடிவத்தில்தான். 555 டைமர் என்னும் சிறு மின்சில்லைக் கொண்டு அலையை உண்டாக்கி, 1 மில்லிஹென்றி சுருளோடு 22 நானோஃபாரட் மின்தேக்கியைச் சேர்த்து, ஏறத்தாழ 34 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசைத்துப் பிடிக்கும் ஒரு சுற்று பரவலாகச் செய்யப்படுகிறது. அது மலிவானது, ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கக் கூடியது. ஆனால் சமிக்ஞையின் வலிமையை மட்டுமே அது சொல்லும். வண்டி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஏனென்றால் சீரான அலை ஒன்றைத் தலைகீழாக்கினால் அதே அலைதான் அரைச்சுற்று தள்ளித் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வண்டியிடம் வேறு எதுவும் கிடையாது. ஈரப் புல்லில் வழுக்கிக் கம்பியைத் தாண்டிவிட்ட வண்டி, சமிக்ஞை வலுவாக இருப்பதைக் கண்டு எல்லை தனக்கு முன்னால் இருப்பதாக எண்ணித் திரும்பி, எதிர்ப்புறமாக, அதாவது உங்கள் சுவரை நோக்கி ஓடிவிடும்.

ஆகவே சீரற்ற துடிப்பையே பயன்படுத்துங்கள். குறுகிய துடிப்பு ஒன்று, அதன் பின் அதைப்போலப் பல மடங்கு நீண்ட இடைவெளி என்று அனுப்பினால், மின்னோட்டம் ஏறும்போது ஒரு மின்னழுத்த முனையும் இறங்கும்போது எதிர்த்திசையில் ஒரு முனையும் சுருளில் தோன்றும். உள்ளே இருக்கும்போது முதலில் மேல்முனை, பிறகு கீழ்முனை. வெளியே போனால் வரிசை மாறிவிடும். இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள நேரம் குறுகியது, அடுத்த இணை வரும்வரை உள்ள நேரம் நீண்டது என்பதால் எது முதலில் வந்தது என்பதில் குழப்பம் நேராது. இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், ஒரு குறிப்பிட்ட துடிப்பு வரிசையைச் சங்கேதம்போல் அனுப்பி, வண்டியிலுள்ள மென்பொருள் அந்த வரிசையை மட்டும் தேடிப் பிடிக்குமாறு செய்யலாம். ஆர்டுமூவர் என்னும் திறந்த வடிவமைப்பு அப்படித்தான் செய்கிறது. மோட்டார்களின் தூரிகைகள் (பிரஷ்கள்) எழுப்பும் மின்னிரைச்சலுக்கு நடுவே இந்த முறை நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

புலம் எவ்வளவு மெல்லியது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். அதைப் பக்கத்துக்கு 14 மீட்டர் கொண்ட சதுரமாகக் கொண்டால், கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது நடுப்புள்ளியில் கிடைப்பது 0.08 மைக்ரோடெஸ்லா. தென்னிந்தியாவில் புவிக்காந்தப் புலம் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருப்பதால், நமக்குக் கிடைப்பது அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. புவிப்புலம் மாறாமல் இருப்பதால் சுருள் அதைப் பொருட்படுத்தாது என்றாலும், சமிக்ஞையைப் பெருக்கும் சுற்றை மோட்டார்க் கம்பிகளிலிருந்து தள்ளி வைத்து, உலோக உறையால் மூடி, சுருளுக்குத் திருகிய இணைக்கம்பி போட வேண்டியிருப்பது இதனால்தான்.

சமிக்ஞை கிடைக்கவில்லை என்றால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். அரை விநாடிக்கு மேல் சமிக்ஞை இல்லையென்றால் கத்தியும் சக்கரமும் நிற்க வேண்டும். மின்வெட்டு வந்தாலும், கம்பி அறுந்தாலும், பெட்டியின் ஃபியூஸ் போனாலும் விளைவு அதுவாகவே இருக்க வேண்டும். கம்பி ‘இங்கே நில்’ என்று சொன்னால் நிற்கும் வண்டியை விட, ‘உள்ளேதான் இருக்கிறாய்’ என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் வரை மட்டுமே ஓடும் வண்டிதான் மலைக்கு ஏற்றது.

கம்பியைப் பொறுத்தவரை, வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மி.மீ. பல இழைச் செப்புக் கம்பியே போதும். விளிம்பைச் சுற்றத் தேவைப்படும் 60 மீட்டருக்கு அதன் மின்தடை ஓர் ஓம் கூட வராது. அதனால் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால், மின்னோட்டத்தைச் செலுத்தும் இயக்கிச் சுற்று கருகிவிடும். 10 ஓம், குறைந்தது 20 வாட் தாங்கும் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியால் தரையைக் கீறி 5 செ.மீ. ஆழத்தில் கம்பியைப் பதித்துப் புல்லை மிதித்து மூடினால், கிகுயூவின் ஓடுதண்டுகள் வெகு விரைவில் அதை மறைத்துவிடும். மூலைகளைச் செங்கோணமாக மடிக்காமல் வளைவாக விடுங்கள்.

ரோஜாப் பாத்திக்குத் தனிக் கம்பி வேண்டியதில்லை. விளிம்பில் ஓடும் கம்பியை ஓரிடத்தில் உள்ளே திருப்பிப் பாத்தி வரை கொண்டுபோய், அதைச் சுற்றி வந்து, போன தடத்திலேயே ஒட்டினாற்போல் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். போகும் கம்பியிலும் திரும்பும் கம்பியிலும் மின்னோட்டம் எதிரெதிராக ஓடுவதால் அந்தத் தடத்தில் புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வண்டி அதைத் தடையின்றிக் கடக்கும். பாத்தியைச் சுற்றும் திசை மட்டும் விளிம்பைச் சுற்றும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும். அதை மாற்றிச் சுற்றிவிட்டால் பாத்திக்குள்ளும் ‘உள்ளே’ என்ற சமிக்ஞையே கிடைத்து, ரோஜாச் செடிகள் தப்பாது.

மேல்பக்கமும் பக்கவாட்டிலும் சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கம்பி பதித்தால் போதும். தடுப்புச் சுவர் உள்ள கீழ்ப்பக்கத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். அந்த ஒரு மீட்டர்ப் புல்லைக் கையால் வெட்டிக்கொள்ளலாம். சுவரின் மேல்விளிம்பில் இரண்டு வரிசை செங்கல் கட்டி உயர்த்திவிட்டால் எங்களுக்கும் நிம்மதி.

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் ஹட்டியிலிருந்து (சிற்றூரிலிருந்து) பொறியியல் கல்லூரிக்குச் சென்று படிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டத்துக்கு ரோபோ புல்வெட்டி செய்ய விரும்புகிறேன். கையில் ஜி.பி.எஸ். இருக்கும் காலத்தில் மண்ணைத் தோண்டிக் கம்பி புதைப்பது பழைய முறையாகத் தோன்றுகிறதே? கோடு போட்டாற்போல் வரிசை வரிசையாக வெட்டும் வண்டிதான் என் கனவு. (மாணவர், கோத்தகிரி)

பதில்: உங்கள் கனவைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர்கள் வரை பிசகும். அந்தப் பிசகு உங்கள் புல்தரையின் அகலத்தில் பாதியாக இருக்கலாம். நீங்கள் நாடவேண்டியது ஆர்.டி.கே. என்னும் முறை. இடம் மாறாத ஒரு தளநிலையம் கூரையின் மேல் நின்று, தனக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள் அலைகளின் கட்ட அளவீடுகளை வண்டிக்கு இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பொதுவான பிழைகளை வண்டி கழித்துவிட்டுத் தன் இருப்பிடத்தை ஓரிரு சென்டிமீட்டருக்குள் கணக்கிட்டுக்கொள்ளும். யு-பிளாக்ஸ் நிறுவனத்தின் இசட்இடி-எஃப்9பி போன்ற ஏற்பிகளால் இது வீட்டு முயற்சிக்கும் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. யார்ட்ஃபோர்ஸ் கிளாசிக் 500 என்ற கடைப் புல்வெட்டியின் உடலை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே ஆர்.டி.கே. வழிநடத்தலைப் பொருத்தும் ஓப்பன்மூவர் என்ற திறந்த வடிவமைப்பை நீங்கள் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும்.

சிக்கல் வானத்தில் இருக்கிறது. அந்த ஓரிரு சென்டிமீட்டர்த் துல்லியம், வண்டிக்கு வானம் விரிந்து தெரியும்போது மட்டுமே கிடைக்கும். கோத்தகிரியின் மூடுபனி ரேடியோ அலையை ஒன்றும் செய்யாது; சில்வர் ஓக் மரங்களும், வீட்டுச் சுவரும், ஒரு பக்கத்து வானத்தையே மறைத்து நிற்கும் மலைச்சரிவும் செய்யும். நனைந்த இலைகளின் அடியில் சமிக்ஞை வலுவிழக்கும். சுவரில் பட்டுத் தெறித்து வரும் அலையை நேரே வந்த அலை என்று ஏற்பி எண்ணிக்கொள்ளும்போது, இருப்பிடம் சட்டென்று ஒரு மீட்டர் தள்ளிப்போய் நிற்கும். பணம் செலவழிப்பதற்கு முன், ஏற்பியை ஒரு கோலில் கட்டிப் புல்தரையின் விளிம்பு முழுக்க நடந்து, எங்கெங்கே துல்லியம் குலைகிறது என்று காகிதத்தில் குறித்து வாருங்கள். மரநிழலில் கோடு கந்தலாகத் தெரிந்தால், அந்தப் பக்கத்துக்கு ஜி.பி.எஸ். உதவாது என்று பொருள்.

மற்றொன்றையும் கேட்க விரும்புகிறோம்: வரிசையாக வெட்டத்தான் வேண்டுமா? குறுக்கும் நெடுக்குமாக, எல்லையைத் தொட்டதும் ஏதோ ஒரு கோணத்தில் திரும்பி ஓடும் வண்டியை மடத்தனமானது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஓடும் வண்டி வெட்டிக் கடந்த மொத்தப் பரப்பு புல்தரையின் பரப்புக்குச் சமமாகும்போது ஏறத்தாழ 63 விழுக்காடு புல் ஒருமுறையேனும் வெட்டப்பட்டிருக்கும். இருமடங்காகும்போது 86 விழுக்காடு, மும்மடங்காகும்போது 95 விழுக்காடு. வெட்டும் அகலம் 22 செ.மீ., வேகம் விநாடிக்கு 35 செ.மீ. என்று வைத்தால் மணிக்கு 277 சதுர மீட்டர் கடக்கலாம்; ஐந்து சென்ட் புல்தரையில் 95 விழுக்காட்டை எட்ட இரண்டேகால் மணி நேரம் போதும். விட்டுப்போன ஐந்து விழுக்காடு மறுநாள் ஓட்டத்தில் அகப்பட்டுக்கொள்ளும். நாள்தோறும் சில மில்லிமீட்டர் மட்டுமே வெட்டும் இயந்திரத்துக்கு அது ஒரு குறையே அன்று. வரிசை முறை இரண்டு ஏக்கர் மைதானத்துக்கு இன்றியமையாதது. முற்றத்துக்கு அது அழகு.

திட்டத்தில் மதிப்பெண் பெற அந்த அழகும் தேவைதான் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே எல்லையையும் கத்தியின் அதிகாரத்தையும் கம்பியிடம் விட்டுவிட்டு, வரிசையை மட்டும் ஆர்.டி.கே.யிடமும், வண்டி திரும்புவதை உணரும் கைரோவிடமும் ஒப்படையுங்கள். சக்கரச் சுற்றுகளை எண்ணித் தூரம் கணக்கிடுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஈரக் கிகுயூ மெத்தையில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்க, வண்டி தான் மூன்று மீட்டர் போய்விட்டதாகக் கணக்குச் சொல்லும். காந்தமானி கொண்டு திசை அறிவதும், மோட்டார்களின் காந்தங்களுக்கு அருகில் வைத்தால் பயன்படாது.

கேள்வி: உதகையில் எங்கள் புல்தரை நல்ல சரிவு. எத்தனை திறனுள்ள மோட்டார் வேண்டும்? பழைய கார் வைப்பர் மோட்டார் போதுமா? (வாசகர், உதகமண்டலம்)

பதில்: ‘நல்ல சரிவு’ என்பதை முதலில் எண்ணாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேர்ப் பலகையின் மேல்முனையைச் சரிவில் ஊன்றி, ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமமாக்கி, கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், 36 செ.மீ. என்பது 36 விழுக்காட்டுச் சரிவு, அதாவது 20 பாகை. கடையில் விற்கும் இயந்திரங்களின் விளம்பரங்களில் காணும் விழுக்காடும் பாகையும் வேறுவேறு என்பதை மறவாதீர்கள்; 45 விழுக்காடு என்பது 24 பாகைதான்.

12 கிலோ எடையுள்ள வண்டி 20 பாகைச் சரிவில் ஏற 40 நியூட்டன் விசை வேண்டும். புல்லின் இழுவைக்கு மேலும் 10 நியூட்டன் சேர்த்து 50 என்று கொள்ளுங்கள். சக்கரத்தின் ஆரம் 12 செ.மீ. என்றால் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 6 நியூட்டன்-மீட்டர் முறுக்கம். சக்கரம் ஒன்றுக்கு மோட்டார்க் கடைக்காரர்கள் சொல்லும் கணக்கில் 30 கிலோ-செ.மீ. அதை இரட்டித்து 60 கிலோ-செ.மீ. உள்ளதை வாங்குங்கள்.

வைப்பர் மோட்டார் இதற்கு ஏற்றது. கோவை உக்கடம் பக்கத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். அதிலுள்ள புழுப் பற்சக்கரம் மின்சாரம் நின்றதும் பூட்டிக்கொள்வதால், சரிவின் நடுவே நின்றுபோன வண்டி தானாக உருண்டு கீழே போகாது. மலைக்காரருக்கு இது பெரிய வரம். ஒரு பொறியும் அதில் உண்டு. பல வைப்பர் மோட்டார்களில் ஒரு மின்முனை உடலோடு இணைந்திருக்கும்; அத்தகைய இரண்டை ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டி முன்னும் பின்னும் ஓட்டினால் இயக்கிச் சுற்று குறுக்கிணைப்பாகி (ஷார்ட் ஆகி) கருகிவிடும். மல்டிமீட்டரால் உடலுக்கும் கம்பிக்கும் இடையே சோதித்துவிட்டு, தேவையானால் மரப்பலகையிலோ நைலான் தட்டிலோ பூட்டுங்கள்.

பேட்டரியை இயக்குசக்கர அச்சின் மேலேயே, தாழ்வாக வையுங்கள். எடை முன்பக்கமாகத் தள்ளியிருந்தால், சரிவுக்குக் குறுக்காக ஓடும்போது, முன்னால் எத்திசையிலும் திரும்பும் சுழல்சக்கரம் கீழ்நோக்கி வழுக்கி, வண்டியின் மூக்கு பள்ளத்தின் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் கணவர் ஒரு புல்வெட்டி ரோபோ செய்துகொண்டிருக்கிறார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தையும் ஒரு நாயும் இருக்கின்றன. பெட்ரோல் புல்வெட்டியின் பழைய கத்தியையே பொருத்தப் போவதாகச் சொல்கிறார். பயமாக இருக்கிறது. (வாசகி, வெலிங்டன்)

பதில்: நீங்கள் பயப்படுவது சரி. அந்தக் கத்தியைப் பொருத்த விடாதீர்கள், அம்மா. கனமான ஒற்றைப் பட்டைக் கத்தி கல்லில் பட்டால் கல்லை எறியும், காலில் பட்டால் காலை வெட்டும். ரோபோக்களில் வைப்பது, வட்டத் தட்டின் விளிம்பில் ஒரே திருகில் தளர்வாகத் தொங்கும் மூன்று சிறு சவரப்பிளேடு போன்ற கத்திகள். தடுப்பு ஏதேனும் பட்டால் அவை உள்ளே மடங்கிக்கொள்ளும். அவையும் தீங்கற்றவை அல்ல: 22 செ.மீ. தட்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது கத்தியின் நுனி மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது.

உங்கள் கணவரிடம் இவற்றைக் கேளுங்கள். கத்தி மோட்டாருக்குப் போகும் மின்சாரம் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத்தான் போகிறதா? அவசர நிறுத்தப் பொத்தான், வண்டியைத் தூக்கினால் துண்டிக்கும் மைக்ரோ சுவிட்சுகள், கவிழ்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச் ஆகிய எல்லாம் அந்த ரிலேயின் சுருளோடு தொடரிணைப்பில் இருக்கின்றனவா? மென்பொருள் உறைந்துபோனாலும் கத்தி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைக் கேட்கச் சொல்கிறோம். ரிலே விடுபடும்போது மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும்படி செய்தால், தூரிகை மோட்டார் தன்னையே தடையாக்கிக்கொண்டு நிற்கும். தூக்கிய 2 விநாடிக்குள் கத்தி அசையாமல் இருக்க வேண்டும். வீட்டுப் புல்வெட்டி ரோபோக்களுக்கென்றே ஐ.இ.சி. 60335-2-107 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது; அதில் சொல்லியுள்ள சோதனைகளை அவர் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மலையில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சமவெளி வடிவமைப்பிலிருந்து எடுத்த கவிழ்வு உணரி, 20 பாகைச் சரிவிலேயே ‘கவிழ்ந்துவிட்டேன்’ என்று வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும். பொறுமை இழந்தவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கழற்றாமல் வரம்பை 35 பாகைக்கு உயர்த்திவிட்டு, தூக்கலை அறியும் சுவிட்சுகளைக் கூடுதலாக வைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், குழந்தை வெளியே இருக்கும் நேரத்தில் வண்டி ஓடக் கூடாது. இதில் விதிவிலக்கு வேண்டாம்.

கேள்வி: மழையில் ஓட்டலாமா? (வாசகர், கூடலூர்)

பதில்: வேண்டாம். மின்சுற்றை எவ்வளவு மூடினாலும், ஈரப் புல் தட்டின் அடியில் பிசினாக ஒட்டிக்கொண்டு மோட்டாரைத் திணறடிக்கும். சரிவில் பிடிப்பும் இருக்காது. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும், புல் வேகமாக வளரும் நாட்களே ஓட்ட முடியாத நாட்களாகவும் அமைந்துவிடுகின்றன. மழை விட்ட நடுப்பகல்களில் ஓட்டி, மீதியைக் கைக்கருவியால் சமாளியுங்கள். எதிரொலியைக் கொண்டு தடையை அறியும் மீயொலி உணரிகள் மூடுபனியில் நீர்த்துளி படிந்து தடுமாறுவதால், வண்டியைச் சுற்றி மிதக்கும் மோதல் வளையத்தையே முதன்மையான தடையுணரியாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லைக் கம்பி போட்ட வாரமே காட்டுப்பன்றிகள் தரையைக் கிளறி அறுத்துவிட்டன. அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இடியிலிருந்து பெட்டியைக் காப்பது எப்படி? (வாசகர், கோத்தகிரி)

பதில்: பன்றி கிளறிய இடம் கண்ணுக்கே தெரியும், முள்ளம்பன்றியோ எலியோ கடித்ததுதான் தெரியாது. கம்பியின் இரு முனைகளையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, நீண்ட உதிரிக் கம்பி ஒன்றின் ஒரு நுனியை முதல் முனையிலும், மறு நுனியை மல்டிமீட்டர் வழியாக வளையத்தின் நடுப்பகுதியிலும் வையுங்கள். அங்கே உறையை ஊசியால் குத்தித் தொட்டால் போதும். தொடர்ச்சி இருந்தால் அந்தப் பாதி நலம். கோளாறு மறுபாதியில் இருக்கிறது. பழுதுள்ள பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால், 100 மீட்டர்க் கம்பியிலும் ஏழாவது சோதனையில் ஒரு மீட்டருக்குள் வந்துவிடலாம். குத்திய துளைகளையும் புதிய இணைப்பையும் ஈயம் பற்றவைத்து, பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். வெறும் ஒட்டுநாடா ஒரு மழைக்குத் தாங்காது. இணைப்பு இருக்கும் இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். இரவில் வண்டியைக் கூண்டுக்குள் வைத்துவிடுங்கள். தேரைகளும் முள்ளம்பன்றிகளும் நடமாடும் நேரம் அது. காட்டு மாடு மிதித்தால் எந்த உறையும் தாங்காது.

தரையில் கிடக்கும் பெரிய வளையம், அருகில் மின்னல் விழும்போது வலுவான மின்னழுத்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். பெட்டியின் இரு முனைகளிலும், மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் வேரிஸ்டரோ டி.வி.எஸ். டையோடோ பொருத்துங்கள்; ஆனாலும் ஏப்ரல், மே மாத இடிமழை வானத்தில் திரளும்போது கம்பியைக் கழற்றிவிடுவதே மேல். அதற்கு எளிதில் உருவக்கூடிய இணைப்பி ஒன்றை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தலைகுந்தாவில் வசிக்கிறோம். உறைபனிக் காலத்தில் ரோபோவின் பேட்டரியை வெளியிலுள்ள கூண்டிலேயே சார்ஜ் செய்யலாமா? (வாசகர், தலைகுந்தா)

பதில்: லித்தியம் பேட்டரியாக இருந்தால் செய்யக் கூடாது. சுழியப் பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் மின்வாயின் உள்ளே புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், உள்ளே குறுக்கிணைப்பும் நேரலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கும் இது பொருந்தும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உங்கள் பக்கத்துப் பள்ளங்களில் விடியற்காலைப் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது, கூண்டுக்குள் இருக்கும் பேட்டரியும் அதே குளிரில்தான் இருக்கிறது. 5 பாகைக்குக் கீழ் சார்ஜரைத் துண்டிக்கும் ஒரு வெப்பநிலை உணரியைப் பேட்டரியின் உடலிலேயே ஒட்டி வையுங்கள். சார்ஜரின் நேரத்தை முற்பகல் 11 மணிக்கு மேல் தொடங்குமாறு மாற்றுங்கள். உறைந்த புல்லின் மேல் சக்கரம் ஓடினால் தடம் பழுப்பாகக் கருகும் என்பதால், அந்த மாதங்களில் வண்டிக்குப் பெரிதாக வேலையும் இருக்காது. பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேலே சார்ஜ் செய்து கழற்றி, வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். மார்ச்சில் மறுபடி பூட்டும்போது எல்லைக் கம்பியின் தொடர்ச்சியையும் கத்தித் திருகுகளையும் சோதித்துவிட்டு ஓட்டுங்கள்.